எண்ணெய் வைத்தும் முடி வறண்டே கிடக்கிறது: எந்த எண்ணெய், எப்போது, எவ்வளவு?

காவிரிக்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். திருவையாற்றுப் பக்கம் வளர்ந்தவள். திருமணத்துக்குப் பிறகு சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்துதான் எங்கள் குழாயில் வருகிறது. வாளியில் வெள்ளையாக உப்புப் படிகிறது. குழாய் வாயைச் சுரண்டினால் சுண்ணாம்பாக உதிர்கிறது.

இடுப்பளவு முடி எனக்கு. வேர்ப்பக்கம் பரவாயில்லை. தோளுக்குக் கீழே தேங்காய் நாராகிவிட்டது, நுனியெல்லாம் பிளவு. தங்கை திருமணத்துக்கு முன் அழகு நிலையத்தில் முடியை நேராக்கிக்கொண்டேன். அதன் பிறகு இன்னும் மோசம். தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துத்தான் பின்னுகிறேன். வைத்த அன்று பளபளப்பு, தலைக்குக் குளித்த மறுநாள் பழையபடி வறட்சி.

மாமியார் விளக்கெண்ணெய் வை என்கிறார். அலுவலகத் தோழி மொராக்கோ ஆர்கன் எண்ணெய் என்கிறாள், கையளவு பாட்டில் எழுநூறு ரூபாய். யார் பேச்சைக் கேட்பது?

கொங்குநாட்டு அத்தை

கண்ணு, மாமியார் சொல்வதைக் கேள். விளக்கெண்ணெய் ஒரு பங்கு, நல்லெண்ணெய் இரண்டு பங்கு. லேசாகச் சூடு காட்டி, வெள்ளிக்கிழமை காலையில் உச்சி முதல் நுனி வரை தேய்த்து ஊறவிட்டு, அரப்புத் தூள் போட்டு அலச வேண்டும். எங்கள் தாராபுரம் பக்கம் அரப்பு இலையைக் காய வைத்து இடித்து வைத்திருப்போம். ஷாம்பு போடுகிற நாளிலிருந்து முடி கெட்டது. பாட்டிலில் வருகிற எதையும் நம்பாதே.

வால்நட்சத்திரம்

//பாட்டிலில் வருகிற எதையும் நம்பாதே//

விளக்கெண்ணெயும் பாட்டிலில்தானே வருகிறது அத்தை?

வேதித்தேனீ

தலைமுடிப் பொருள்கள் தயாரிக்கும் ஆலையில் கலவைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெயிலும் தண்ணீர் கிடையாது. ஆகவே எண்ணெய் முடிக்கு ஈரம் கொடுக்கிறது என்று சொல்வது பாதிதான் சரி. முடியில் உள்ள ஈரம் காற்றிலிருந்தும் குளிக்கும் தண்ணீரிலிருந்தும் வருகிறது. அந்த ஈரம் போகிற வேகத்தையும் வருகிற வேகத்தையும் எண்ணெய் மட்டுப்படுத்துகிறது. ‘வருகிற வேகம்’ என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு தண்ணீரைக் குடிக்கும். குறுக்களவில் சுமார் 15 விழுக்காடு பருக்கும். உலரும்போது மறுபடி சுருங்கும். இப்படி உப்பி உப்பிச் சுருங்குவதில்தான் மேலே ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன, உடைகின்றன. நாம் ‘வறட்சி’ என்று விரலில் உணர்வது பெரும்பாலும் இந்தத் தூக்கிய செதில்களின் சொரசொரப்பு.

ஆரோக்கியமான முடியின் மேற்பரப்பில் கொழுப்பு அமிலப் படலம் ஒன்று இயற்கையாகவே ஒட்டியிருக்கும். தண்ணீரை விலக்குவது அதன் வேலை. வெளுக்கும் ரசாயனமும் கடுமையான காரமும் பட்டால் அது உரிந்துவிடும். உரிந்தது தானாகத் திரும்ப வளராது. சகோதரியின் முடி நேராக்கிய பிறகு மோசமானதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்போல வளர்கிறது. அப்படியானால் இடுப்பைத் தொடும் முடியின் நுனிக்கு நாலைந்து வயதாவது இருக்கும். அத்தனை வெயிலும் சீப்பும் சோப்பும் பட்ட நுனியையும் நேற்று முளைத்த வேரையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெயில் பாதிக்குச் சற்று குறைவாக லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, வளைவில்லாமல் நேரானது, முடியின் புரதத்தோடு ஒட்டுவது. அதனால் செதிலைத் தாண்டி உள்ளே போகிறது. சூரியகாந்தி எண்ணெயின் மூலக்கூறு வளைந்து பருத்தது, வெளியிலேயே நின்றுவிடுகிறது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய்க்குப் புரதத்தோடு ஒட்டும் குணமே இல்லை. இந்த மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வந்த ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் கழிவதைக் கண்கூடாகக் குறைத்தது. சேதமில்லாத முடியிலும் சரி, வெளுத்த முடியிலும் சரி.

ஆகவே உங்கள் எண்ணெய் சரிதான், வைக்கும் நேரம்தான் சரியில்லை. குளித்துவிட்டு வைக்கிறீர்கள். குளிப்பதற்கு முன்னால் வையுங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் குளிக்கும்போது முடி அவ்வளவு உப்பாது.

வால்நட்சத்திரம்

அந்த 2003 ஆய்வை எழுதியவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடலாமே வேதித்தேனீ. பாராசூட் விற்கும் மாரிகோவின் ஆய்வுப் பிரிவினர்! தேங்காய் எண்ணெய் விற்பவர் தேங்காய் எண்ணெய் நல்லது என்கிறார். ஆச்சரியம்தான்.

வேதித்தேனீ

நியாயமான கேள்வி. ரேலே, மோஹிலே இருவரும் அந்த நிறுவனத்தினர்தான். கட்டுரையிலேயே அது இருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருக்கும் இழை ஆய்வு நிறுவனத்தாரோடு சேர்ந்து, எண்ணெய் உண்மையில் உள்ளே போகிறதா என்று முடியைக் குறுக்கே வெட்டி நிறமாலைக் கருவியில் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய் உள்ளே தென்பட்டது, கனிம எண்ணெய் தென்படவில்லை. அந்தக் கட்டுரையிலும் இவர்கள் பெயர் உண்டு என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் லாரிக் அமிலத்தின் உருவம் யார் அளந்தாலும் ஒன்றுதான்.

செக்கடியான்

காங்கேயம் அருகே மரச்செக்கு வைத்திருக்கிறேன். எண்ணெய் விற்பவன் பேச்சு என்று வால்நட்சத்திரம் தள்ளிவிட வேண்டாம், என் கடைப் பெயரைக் கூட இங்கே எழுதப்போவதில்லை.

வாடிக்கையாளர் பலர் ‘முடிக்குச் செக்கு எண்ணெய்தான் வேண்டும், கடை எண்ணெய் விஷம்’ என்கிறார்கள். என் தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் கொப்பரை நன்றாக இருந்தால் எந்திரத்தில் ஆட்டியதற்கும் செக்கில் ஆட்டியதற்கும் முடியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் சொல்ல என்னால் முடியாது. மணம் வேறு, நிறம் வேறு. நான் பார்ப்பது கொப்பரையை. பூஞ்சை பிடித்த கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் செக்கில் வந்தாலும் இரண்டு மாதத்தில் காறல் வாடை அடிக்கும். கொப்பரையை இரண்டாக ஒடித்தால் சத்தம் ‘டக்’ என்று வர வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்போம். ‘அது முடியில் பிசுபிசுக்காதா’ என்று கேட்கிறார்கள். கருப்பட்டி பிண்ணாக்கோடு போய்விடும். எண்ணெய் தெளிந்த பிறகு வாங்கினால் போதும்.

காவிரிக்கரையாள்

செக்கடியான் அண்ணா, கடையில் பெரிய நிறுவனங்களின் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் எங்கேயும் ‘கூந்தல் எண்ணெய்’ என்று இல்லையே, அது ஏன்? சமையலுக்கு என்று போட்டிருக்கிறது. முடிக்கு வேறு ரகம் உண்டா?

செக்கடியான்

அது வரிக் கணக்கு அம்மா. சமையல் எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, கூந்தல் எண்ணெய்க்கு 18 விழுக்காடு என்று இருந்தது. சின்ன பாட்டிலில் வந்தால் அது கூந்தல் எண்ணெய்தான் என்று வரித்துறை பல ஆண்டுகள் வழக்காடியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தூய தேங்காய் எண்ணெயைச் சமையல் எண்ணெய் என்று எழுதி விற்றால் பாட்டில் சிறியது என்பதற்காக அதைக் கூந்தல் எண்ணெயாக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. உள்ளே இருப்பது ஒரே எண்ணெய்தான்.

‘பாதாம் கூந்தல் எண்ணெய்’, ‘மல்லிகைக் கூந்தல் எண்ணெய்’ என்று வருவதைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். பலவற்றில் முதலில் இருப்பது ‘லைட் லிக்விட் பாரஃபின்’. அதாவது கனிம எண்ணெய். பாதாம் பெயரளவுக்கு.

நாஞ்சில்பெண்

எங்கள் குமரி மாவட்டத்தில் கொப்பரை எண்ணெயை விடத் தேங்காய்ப்பால் காய்ச்சிய எண்ணெய்க்குத்தான் மதிப்பு. பச்சைக் குழந்தைக்குத் தேய்க்க வீட்டிலேயே காய்ச்சுவார்கள். கெட்டிப் பாலை உருளியில் ஊற்றிச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தயிர் போலத் திரியும், பிறகு ஓரத்தில் எண்ணெய் கசியும், கடைசியில் சடசடப்பு அடங்கிக் கசடு பொன்னிறமாகும். அந்த நொடியில் இறக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் கருகல் வாடை. கசடைச் சர்க்கரை போட்டுத் தின்ன நாங்கள் கரண்டியோடு காத்திருப்போம்.

சடசடப்பைக் கவனிக்கச் சொல்வது, உள்ளே தண்ணீர் மிச்சமிருந்தால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதற்காக. கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சுபவர்களும் இதையே பாருங்கள். இலையை எடுத்து நசுக்கினால் மொறுமொறுப்பாக நொறுங்க வேண்டும்.

மருந்துச்சீட்டு

மருந்தாளுநர் நான். எல்லாரும் எண்ணெயை ஊற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: காவிரிக்கரையாளுக்குப் பொடுகு உண்டா? உச்சந்தலையில் அரிப்பு, மஞ்சள் பிசுக்கான செதில்?

பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வாழ்வது. தானே கொழுப்பு அமிலம் தயாரிக்க அதற்குத் தெரியாது. நாம் தேய்க்கும் தாவர எண்ணெய் அதற்குச் சாப்பாடு. அது எண்ணெயை உடைக்கும்போது வரும் ஒலியிக் அமிலம் பொடுகு வரக்கூடியவர்களின் தோலில் செதிலை இன்னும் கூட்டுகிறது. ‘தலை வறண்டிருக்கிறது, அதனால்தான் பொடுகு’ என்று எண்ணெய் வைத்துக்கொண்டே போனால் அந்த ஈஸ்டை அடக்கும் கீடோகொனசோல் ஷாம்புவுக்கு வேலை கூடும், அவ்வளவுதான்.

வறண்ட முடி வேறு, செதில் உதிரும் தலைத் தோல் வேறு. முடிக்கு எண்ணெய் வையுங்கள், தோலை விட்டுவிடுங்கள். இன்னொன்று: முடி திடீரென்று முழுவதும் வறண்டு கொட்டினால், உடம்பும் களைத்து எடையும் ஏறினால், எண்ணெயை மாற்றாமல் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள்.

காவிரிக்கரையாள்

பொடுகு இல்லை அண்ணா. தைராய்டு சென்ற மாதம்தான் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது.

கொங்குநாட்டு அத்தை

தலைத் தோலுக்கு எண்ணெய் வேண்டாம் என்கிறீர்களே, பிறகு எண்ணெய்க் குளியல் எதற்கு? கண் குளிர்ச்சி, உடல் சூடு தணிவது எல்லாம் என்ன ஆவது? உச்சியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் வைத்துத் தட்டினால் வரும் தூக்கம் எந்த மாத்திரையில் வரும்?

மருந்துச்சீட்டு

அத்தை, அந்தத் தூக்கத்தை நான் எதிர்க்கவில்லை. நானும் தீபாவளிக்குத் தேய்த்துக்கொள்பவன்தான். பொடுகு உள்ளவர்களுக்கு மட்டும் சொன்னேன்.

வேதித்தேனீ

விளக்கெண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் ரிசினோலிக் அமிலம். மற்ற எண்ணெய்களை விடப் பல மடங்கு கெட்டி. ஊடுருவாது, மேலே தடித்த படலமாக நிற்கும். புருவத்துக்கு, குட்டை முடிக்குப் பரவாயில்லை. இடுப்பளவு சேதமடைந்த முடியில் கையளவு ஊற்றிவிட்டுத் தலைக்குமேல் குவித்துக் கசக்கி அலசினால் முடிகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். 2017இல் முடி மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் இப்படி ஒரு நிகழ்வு பதிவாகியிருக்கிறது. இருபது வயதுப் பெண், நீளமான முடி, விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து வைத்துக் குளித்த உடனே முடி பறவைக் கூடாக இறுகியது. பிரிக்கவே முடியாமல் வெட்ட வேண்டியதாயிற்று. அரிதுதான். ஆனால் நேராக்கிய நீள முடிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அத்தையின் கலவையில் இரண்டு பங்கு நல்லெண்ணெய் சேர்ப்பது கெட்டித்தன்மையைக் குறைப்பதற்காகத்தான். அந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுத் தனி விளக்கெண்ணெயை ஊற்றுபவர்களுக்குத்தான் சிக்கல்.

கொங்குநாட்டு அத்தை

அதைத்தான் நானும் சொன்னேன். யாரும் முழுதாகப் படிப்பதில்லை.

குளிர்நாட்டான்

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். எங்கள் சிக்கல் வேறு விதம். பனிக்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடிக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரமே இராது. மகளின் தலைமுடி சீப்பு பட்டால் மின்னேறிப் பறக்கிறது. தேங்காய் எண்ணெய் போத்தலில் கல்லாக உறைந்து கிடக்கிறது. அம்மம்மா இருந்தவரை நல்லெண்ணெய் வைத்து, அரப்பும் தேசிக்காயும் (எலுமிச்சை) அவித்து முழுகவார்ப்பார். இங்கே அதற்கு நேரமும் இல்லை, எண்ணெய் மணத்தோடு பள்ளிக்கூடம் போக மகள் சம்மதிப்பதும் இல்லை. குளித்த பிறகு ஏதாவது பூசலாமா?

வேதித்தேனீ

பூசலாம், மிகக் கொஞ்சமாக. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது இயல்பு, கெட்டுப்போனதல்ல. குளித்ததும் கண்டிஷனர், பிறகு துவாலையால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முடி ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூன்று சொட்டை உள்ளங்கையில் பரப்பி நுனியில் மட்டும் தடவ வேண்டும். காய்ந்து வெடவெடத்த முடியில் எண்ணெய் வைத்தால் பளபளப்பு வரும். தக்க வைக்க அங்கே ஈரம் இருக்காது. மணம் பிடிக்காவிட்டால் ஜொஜோபா வாங்கிப் பாருங்கள். பெயர்தான் எண்ணெய், உண்மையில் அது திரவ மெழுகு. மணமில்லை, எளிதில் காறாது, உங்கள் குளிரில் தேங்காய் எண்ணெய்போல உறையவும் செய்யாது.

காவிரிக்கரையாள்

அப்படியானால் ஆர்கன்?

வால்நட்சத்திரம்

எழுநூறு ரூபாய்க்கு மொராக்கோ போய்வர முடியாது, பாட்டிலை மட்டும் வாங்கலாம். பின்பக்கத்தைப் படித்து இங்கே எழுதுங்கள்.

காவிரிக்கரையாள்

தோழியின் பாட்டிலைப் பார்த்தேன். முதலில் சைக்ளோபென்டாசிலாக்சேன், அடுத்து டைமெத்திகோனால், பிறகு நறுமணம். ஆர்கன் எண்ணெய் அதற்கும் கீழே.

வேதித்தேனீ

அளவு அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் இரண்டும் சிலிக்கோன் வகைகள். ஆக உங்கள் தோழி வாங்கியது சிலிக்கோன். அதைத் திட்ட மாட்டேன். செதிலை வழுவழுப்பாக்கிச் சிக்கெடுக்கும்போது உடைவதைத் தடுப்பதில் சிலிக்கோன் எந்தத் தாவர எண்ணெய்க்கும் குறைந்ததல்ல. அதே வேலையைச் செய்யும் சீரம் நூற்றைம்பது ரூபாய்க்கும் கிடைக்கிறது. தூய ஆர்கன் எண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக், லினோலிக் அமிலங்கள். நம் நல்லெண்ணெயிலும் அவைதான் பெரும்பகுதி.

சரி, காவிரிக்கரையாளுக்கு நான் சொல்லும் முறை. தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய இரவு, முடியை நான்காகப் பிரித்து, காதுக்குக் கீழே மட்டும் தேங்காய் எண்ணெய் வையுங்கள். உங்கள் நீளத்துக்கு இரண்டு சின்னக் கரண்டி போதும். தலையணையில் கறை பிடித்தால் அதிகம் என்று பொருள். இரவில் முடியாவிட்டால் ஒரு மணி நேரமாவது ஊறட்டும். தளர்ந்த பின்னலாகப் போட்டுக்கொள்ளுங்கள். குளிக்கும்போது ஷாம்புவைத் தலைத் தோலில் மட்டும் தேய்த்தால் போதும், வழிந்து வரும் நுரையே நீளத்துக்குப் போதுமானது. எல்லா எண்ணெயும் போகும்வரை இரண்டு மூன்று முறை ஷாம்பு போட்டுக் கசக்கினால் எண்ணெய் வைத்ததன் பயன் அங்கேயே போய்விடும். பிறகு நீளத்துக்குக் கண்டிஷனர். தினமும் காலையில் எண்ணெய் வைப்பதை நிறுத்துங்கள். அதில் சென்னைத் தூசி படிந்து, அதைக் கழுவ இன்னும் கடுமையாகத் தேய்க்கிறீர்கள்.

பிளந்த நுனியை ஒட்ட வைக்கும் எண்ணெய் உலகத்தில் இல்லை. கத்தரிக்கோல்தான்.

நாஞ்சில்பெண்

எனக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் முடி விறைத்துக்கொள்கிறது. சுருட்டை முடி. ‘புரதம் அதிகமாகிவிட்டது’ என்று காணொளிகளில் சொல்கிறார்களே?

வேதித்தேனீ

தேங்காய் எண்ணெயில் புரதம் கிடையாது. அந்த விளக்கம் தவறு. ஆனால் தடித்த, சுருண்ட முடி உள்ள பலர் இந்த விறைப்பைச் சொல்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு ஒத்துவராவிட்டால் நல்லெண்ணெய்க்கோ ஆலிவ் எண்ணெய்க்கோ மாறுங்கள். சுருட்டை முடியில் தலைத் தோலின் இயற்கை எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிக்கு இறங்குவதில்லை, அதனால் வெளியிலிருந்து கொடுக்கத்தான் வேண்டும்.

காவிரிக்கரையாள்

சீயக்காய் போடலாமா? ஊரில் அதுதான் பழக்கம்.

வேதித்தேனீ

தூளை அப்படியே குழைத்துத் தேய்த்தால் அந்தத் துணுக்குகள் சேதமான செதிலில் உராயும். இரவே ஊற வைத்து, கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டிய சாற்றைப் பயன்படுத்துங்கள். இரண்டு செம்பருத்தி இலையைக் கசக்கிச் சேர்த்தால் அதன் வழுவழுப்பு சிக்கெடுக்க உதவும். சோப்புக் கட்டியை மட்டும் தலையில் வைக்காதீர்கள்: உப்புத் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக முடியில் படியும், அதன்மேல் எந்த எண்ணெயும் ஏறாது.

நீங்கள் முதல் பதிவில் சொன்ன சுண்ணாம்புக் குழாயைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரசாயனம் பட்ட முடி கால்சியத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரைப் பரிசோதித்தீர்களா?

மருந்துச்சீட்டு

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். அடுக்ககச் சங்கம் வழியாகக் கேட்டால் ஒருவேளை ஏற்கெனவே செய்த அறிக்கை இருக்கும்.

காவிரிக்கரையாள்

சங்கச் செயலாளரிடம் பழைய அறிக்கை இருந்தது. மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 540 மில்லிகிராம். இது அதிகமா?

வேதித்தேனீ

குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200. வேறு நீர்வழி இல்லாத இடத்தில் மட்டும் 600 வரை அனுமதி. விளிம்பில் இருக்கிறீர்கள். இனி எண்ணெய்ச் செலவைக் குறைத்து, மாதம் ஓரிரு முறை இ.டி.டி.ஏ. சேர்ந்த ஷாம்பு போடுங்கள். கால்சியத்தைக் கட்டிக் கழற்றும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு நல்ல தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து ஊற்றலாம், கண்ணில் படாமல்.

கொங்குநாட்டு அத்தை

நல்ல தண்ணீருக்கு அந்தப் பிள்ளை எங்கே போகும்?

காவிரிக்கரையாள்

வீட்டில் ஆர்.ஓ. சுத்திகரிப்பான் இருக்கிறது அத்தை, அதிலிருந்து பிடித்துக்கொள்கிறேன். அதன் இன்னொரு குழாயில் ஒரு வாளி தண்ணீர் தினமும் வீணாகப் போகிறது. அதையே தலைக்கு ஊற்றினால் சிக்கனம் அல்லவா?

வேதித்தேனீ

ஐயையோ, வேண்டாம். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.